வாய்க்கு வாய்

1992 மாசி. ரப்பர் இலை கொட்டி முடிந்து செம்பு நிறத்தில் தளிர் விட்டிருந்தது. தேன் காலம் தொடங்கியிருக்க வேண்டிய நேரம். குழித்துறைக்குப் பக்கம் மாமாவின் விளையில் வரிசையாக நின்ற தேன்பெட்டிகளில் ஒன்றைத் திறந்து, ஒரு சட்டத்தை உருவி வெயிலுக்கு நேராகப் பிடித்தார் மாமா. மெழுகு மூடியிருக்க வேண்டிய அறைகள் திறந்து கிடந்தன. ஒவ்வொரு அறையிலும் ஒரு புழு மல்லாந்து கிடந்தது, தோணியின் முனைபோல் தலையை மேலே தூக்கியபடி. ஈர்க்கில் நுனியால் ஒன்றை நெம்பி எடுத்தார். நீர் கோத்த சிறு பைபோல அது நுனியில் தொங்கியது.

"பிள்ளையளெல்லாம் போச்சுது மக்களே" என்றார்.

32 பெட்டி வைத்திருந்தவர். சித்திரை பிறக்கும்போது 2 மிச்சம். அந்த வருஷம் குமரி மாவட்டத்தில் தேனீ வளர்த்த எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பத்துப் பெட்டிக்கு ஒன்பது அழிந்தன. 1976இல் தாய்லாந்தில் முதலில் இனங்காணப்பட்ட ஒரு வைரஸ், பல வருஷங்கள் வடக்கே அலைந்துவிட்டு 1991இல் தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. தாய் சாக்புரூட் என்பது அதன் பெயர். பிள்ளைகளை மட்டும் தேடிக் கொல்லும் நோய்க்குப் பெயரில் தாய் என்று ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லை எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கை நிற்கிறது.

மாமா அழிந்த பெட்டிகளை எரித்தார். அதற்குப் பிறகு பல வருஷம் அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது நட்டக் கணக்கு அல்ல. "இது முதல்ல எந்தப் பெட்டியில வந்துது? அங்கேருந்து எப்படிப் போச்சுது?" இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கை விரலை மடக்கி மடக்கிச் சொல்வார். ஐப்பசியில் ஒருவரிடம் 2 கூட்டம் வாங்கியது. கார்த்திகையில் வலுவான பெட்டியிலிருந்து புழு அடை ஒன்றை எடுத்து மெலிந்த பெட்டிக்குக் கொடுத்தது. பக்கத்து விளைக்காரருக்குத் தேன் பிழியும் மெஷினை இரவல் தந்தது. ராணி செத்துப்போன ஒரு கூட்டத்தை இன்னொன்றோடு சேர்த்தது. எல்லாம் நல்லதற்காகச் செய்தவை. விரல் தீரும்போது சொல்வார்: "நானாக்கும் கொண்டுபோயிக் கொடுத்தேன்."

விலங்குகளின் சமூக வாழ்வை வலைப்பின்னலாக வரைந்து ஆராய்கிறவர்களின் கட்டுரைகளைப் பின்னாளில் படிக்கத் தொடங்கியபோது, மாமாவின் விரல் கணக்கு அந்தத் துறையின் அடிப்படைக் கேள்வி என்று புரிந்தது. யாரிடமிருந்து யாருக்கு? எந்த வழியாக?

நாஞ்சில் நாட்டில் பிறந்தவருக்கு வலைப்பின்னலைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழையாறும் அதன் கால்களும் குளங்களுமாக இந்த மண்ணே அப்படித்தான் கிடக்கிறது. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து. எந்த மடையைத் திறந்தால் எந்த வயலில் நீர் ஏறும், எதை அடைத்தால் கடைமடையில் எந்த ஊர் காயும் என்பது நீர் பாய்ச்சுகிறவருக்கு மனப்பாடம். குளம் பெரிதா சிறிதா என்பது அவருக்கு இரண்டாம் பட்சம்; அது எந்த இரண்டு குளங்களுக்கு நடுவில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. ஊருக்குப் புதிதாக வந்தவரிடம் நம் ஆச்சிமார் கேட்கும் மூன்று கேள்விகளும் இந்த வகைதான். எந்த ஊரு, யாரு மகன், இங்க யாரு வீட்டுக்கு. மூன்றாவது பதிலில் ஆள் எங்கே நிற்கிறார் என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடும்.

ஆய்வாளர் செய்வதும் அதுவே. ஒவ்வொரு விலங்கும் ஒரு புள்ளி. இரண்டுக்கும் இடையில் ஏதோ நடந்தால் ஒரு கோடு. அடிக்கடி நடந்தால் தடித்த கோடு. பிறகு கேள்விகள்: எந்தப் புள்ளி வழியாக அதிகம் போகிறது, எதை எடுத்தால் வலை இரண்டாகக் கிழியும், எங்கே முடிச்சு இறுக்கம், எங்கே தொய்வு.

இது கோழிகளில் தொடங்கியது. நார்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே சிறு வயது முதல் வீட்டுக் கோழிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். யார் யாரைக் கொத்துகிறது என்று எழுதிவைத்து, அதில் ஒரு வரிசை இருப்பதை 1922இல் வெளியிட்டார். மனிதர்களில் இப்படி வரைந்து காட்டியவர் ஜேக்கப் மொரீனோ. 1932இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரிலிருந்த பெண்கள் பள்ளி ஒன்றில் இரண்டு வாரத்துக்குள் 14 சிறுமிகள் ஓடிப்போனார்கள். அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தேடாமல், யார் யாரோடு பிணைந்திருந்தார்கள் என்று வரைந்து பார்த்தார் மொரீனோ. ஓடும் எண்ணம் ஒரு கோட்டின் வழியாக அடுத்த சிறுமிக்குப் போயிருந்தது. 1976இல் ராபர்ட் ஹைண்ட் என்ற விலங்கியலாளர் இதற்கு ஓர் ஏணி வைத்துக்கொடுத்தார். ஒரு நிகழ்வு, பல நிகழ்வுகள் சேர்ந்து ஓர் உறவு, பல உறவுகள் சேர்ந்து ஒரு சமூகம். கண்ணுக்குத் தெரிவது முதல் படி மட்டும். மற்றது பொறுமையாகக் கூட்டிச் சேர்ப்பது.

தேனீக்கே வருகிறேன். 1952இல் இங்கிலாந்தில் நிக்சன், ரிபண்ட்ஸ் என்ற இருவர் செய்த சோதனையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 24,000க்கும் அதிகமான தேனீக்கள் இருந்த ஒரு கூட்டம். அதில் 6 தேனீக்களுக்கு மட்டும், கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த சர்க்கரைப் பாகு 20 மில்லி கொடுத்தார்கள். அவை பெட்டிக்குத் திரும்பின. ஒரு தேனீ வயிற்றிலிருந்து எடுத்ததை அடுத்ததன் வாயில் கொடுக்கும், அது அடுத்ததற்கு. 27 மணி நேரத்தில் கூட்டுக்குள் வேலை செய்யும் தேனீக்களில் ஏறத்தாழப் பாதியிடம் அந்தப் பாகின் தடயம் இருந்தது. வெளியே போய்வரும் தேனீக்களில் இன்னும் அதிகம். இரண்டு நாளில் வளர்ந்த புழுக்கள் எல்லாவற்றிலும் இருந்தது.

அந்தப் பெட்டிக்குத் தனித்தனியாக 24,000 வயிறு இல்லை. ஒரே வயிறு. பசி வந்தால் எல்லோருக்கும் ஒன்றாக வருகிறது. தேன் வந்தால் எல்லோருக்கும் ஒன்றாக வருகிறது. இதைப் படிக்கும்வரை தேனீ ஒற்றுமையாக உழைக்கும் பூச்சி என்று பாடப்புத்தகத்தில் படித்ததைத்தான் நானும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒற்றுமை என்றால் என்ன என்பதை அந்த 27 மணி நேரம் எனக்குக் காட்டியது. பாகு இருந்த இடத்தில் வைரஸை வைத்து மறுபடி படித்தேன். மாமாவின் 32 பெட்டிகளும் என் கண்முன் வந்து நின்றன.

சாக்புரூட் போகும் வழி இது. புழு தன் கடைசித் தோலை உரிக்க முடியாமல், தோலுக்கும் உடலுக்கும் நடுவே நீர் கோத்துச் சாகிறது. செத்த பிள்ளையை அப்புறப்படுத்த இளம் தேனீ வருகிறது. இழுக்கும்போது தோல் கிழிந்து நீர் அதன் வாயில் படுகிறது. வைரஸ் அதன் தலையிலுள்ள, பிள்ளைகளுக்குப் பால் சுரக்கும் சுரப்பிகளில் சேர்கிறது. அதே தேனீ அடுத்த அறைப் புழுவுக்கு ஊட்டப் போகிறது. துப்புரவு செய்கிறவளும் பால் கொடுக்கிறவளும் ஒருத்தியே. அவளுடைய இரண்டு அன்பும் சேர்ந்த இடத்தில் நோய் நிற்கிறது.

ஆனால் இந்த வலைக்குள்ளேயே ஒரு மடையும் இருக்கிறது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வகத்தில் தேனீ நோய்களை ஆராய்ந்த லெஸ்லி பெய்லி அதைக் கண்டார். வைரஸ் ஏறிய இளம் தேனீ மகரந்தம் தின்பதை நிறுத்திவிடுகிறது. மகரந்தம் இல்லாவிட்டால் பால் இல்லை. பிள்ளை வளர்க்கும் வேலையும் இல்லை. வயதுக்கு முன்பே வெளிவேலைக்குப் போய்விடுகிறது. சீக்கிரமே செத்தும் போகிறது. நோய் பிடித்தவள் பிள்ளைகளுக்கும் தனக்கும் நடுவிலுள்ள கோட்டைத் தானே அறுத்துக்கொள்கிறாள். மேலைத் தேனீயில் சாக்புரூட் பெரும்பாலும் தானாக அடங்கிவிடுவதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். நம் பெட்டிகளில் வளர்ந்த அடுக்குத் தேனீக்கு 1991இல் வந்த வகையின் முன் இந்த மடை போதவில்லை.

எறும்புகளும் இப்படிச் செய்கின்றன. 2018இல் நத்தாலி ஸ்ட்ரோய்மெய்ட்டும் உடன் ஆய்வாளர்களும் தோட்டத்துக் கறுப்பு எறும்புகளின் முதுகில் சின்னஞ்சிறு அடையாளச் சீட்டு ஒட்டி, கேமரா வைத்து, யார் யாரைத் தொடுகிறது என்று முழுமையாகப் பதிந்தார்கள். வெளியே போய்வரும் எறும்புகளில் சிலவற்றின் மேல் பூஞ்சைத் தூளைத் தடவினார்கள். நோய் முற்றும் முன்பே வலையின் வடிவம் மாறியது. கூட்டுக்குள் இருந்த சிறு குழுக்களுக்குள் கோடுகள் இறுகின. குழுக்களுக்கு இடையில் மெலிந்தன. பூஞ்சை படாத எறும்புகளும் தங்கள் நடமாட்டத்தை மாற்றிக்கொண்டன. ராணியும் குஞ்சுகளை வளர்க்கும் இளம் எறும்புகளும் காப்பாற்றப்பட்டார்கள்.

எதிர்ப் பக்கமும் உண்டு. 2018இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டிம் கெர்னாட் குழுவினர் ஒவ்வொரு கூட்டிலும் சுமார் 1,200 தேனீக்களுக்குக் குறியீட்டுச் சீட்டு ஒட்டி, வாய்க்கு வாய் உணவு மாறும் ஒவ்வொரு கணத்தையும் பதிந்தார்கள். மனிதர்களின் தொலைபேசி அழைப்புகளைப்போலவே தேனீக்களின் பரிமாற்றமும் கொத்துக் கொத்தாக நடக்கிறது. நடுவில் நீண்ட இடைவெளி விழுகிறது. மனிதர்களில் இந்த வகை ஒழுங்கின்மை செய்தி பரவுவதைத் தாமதப்படுத்தும். தேனீ வலையில் அது தாமதமாகவில்லை. ஒப்பிடுவதற்காகத் தற்செயலாகக் கலைத்து வரைந்த வலைகளைவிட வேகமாகவே பரவக்கூடியதாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்து அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இன்னொரு செய்தி என்னைக் கலக்கியது. வேறொரு வைரஸ் பிடித்த தேனீக்களைச் சொந்தக் கூட்டத்தார் குறைவாகவே தொட்டார்கள். உணவு மாற்றம் குறைந்தது. ஆனால் அதே நோயாளித் தேனீ அயல் பெட்டியின் வாசலில் போய் நின்றபோது, காவல் தேனீக்கள் வழக்கத்தைவிட எளிதாக உள்ளே விட்டன. சொந்த வீட்டில் அறுந்த கோடு அடுத்த வீட்டில் ஒட்டிக்கொள்கிறது.

ஒரு கோடு வரைந்தால் போதாது. அதில் ஓடுவது தேனா வைரஸா என்று கேட்க வேண்டும். வலைப்பின்னல் ஆய்வில் நான் மதிப்பதும் சந்தேகப்படுவதும் இந்த ஒரு இடத்தில்தான். இதை எனக்குத் தெளிவாகக் காட்டியவை குளவிகள்.

நம் வீடுகளில் மண்ணால் கூடு கட்டும் குளவி வேறு. அது தனியாள். அது கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று ஆச்சி ஒருநாளும் உடைக்க விடமாட்டாள். நான் சொல்வது ஜன்னல் கட்டையிலும் ஓட்டுக்கூரையின் கைமரத்திலும் சாம்பல் நிறக் காகிதத்தால் அறை அறையாகக் கட்டித் தொங்கவிடும் குளவி. ரோபலிடியா மார்ஜினேட்டா என்று விலங்கியலில் பெயர். தென்னிந்தியா முழுக்க உண்டு. கூட்டுக்கு மேலுறை கிடையாது. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கரும் அவருடைய மாணவர்களும் இந்த ஒரு குளவியின் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். ஒவ்வொன்றின் மேலும் நிறப் பொட்டுகள் வைப்பார்கள். பிறகு உட்கார்ந்து எழுதுவார்கள். அவ்வளவுதான் கருவி.

1983இல் கதக்கரும் என்.வி. ஜோஷியும் எழுதிய கட்டுரையில், கூட்டிலுள்ள குளவிகள் எப்படி நேரத்தைச் செலவிடுகின்றன என்று பார்த்து மூன்று வகையாகப் பிரித்தார்கள். உட்கார்ந்திருப்பவை, சண்டை போடுபவை, இரை தேடுபவை. சண்டைக்காரியைத்தான் நாம் ராணி என்று நினைப்போம். ராணி உட்கார்ந்திருக்கும் வகையில் இருந்தாள். சாதுவானவள். யாரையும் அதட்டுவதில்லை. ஆனால் முட்டையிடுபவள் அவள் ஒருத்திதான்.

அவளை எடுத்துவிட்டால் சில நிமிஷங்களில் ஒரு வேலைக்காரி ஆவேசம் கொண்டவள்போல் மற்றவர்களைத் தாக்கத் தொடங்குவாள். சில நாட்களில் அவள் முட்டையிடுவாள், ஆவேசமும் அடங்கும். அடுத்த ராணி. அந்த வாரிசு யாரென்று ராணி இருக்கும்போது எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் ஆய்வாளரால் சொல்ல முடிவதில்லை. குளவிகளுக்குத் தெரிகிறது. அனிந்திதா பத்ராவும் கதக்கரும் 2008இல் கூட்டைக் கம்பிவலையால் இரண்டாகப் பிரித்துச் செய்த சோதனையில் அது தெரிந்தது. அலோக் பாங்கும் கதக்கரும் 2012இல் இன்னும் போனார்கள். ராணியையும், அவளுக்குப் பின் வந்தவளையும், அவளுக்குப் பின் வந்தவளையும் என்று ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தார்கள். ஐந்தாவது வாரிசுவரை ஒவ்வொருத்தியும் தகராறு இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டாள். கோடு போட முடியாத ஒரு வரிசை அந்தக் கூட்டுக்குள் இருக்கிறது.

கோடு போட முடிந்தது சண்டைகளுக்கு. அதிலிருந்து வந்த கண்டுபிடிப்பை நான் பெரிதாக நினைக்கிறேன். கதக்கரின் ஆய்வுக்கூடம் பல வருஷம் பார்த்துச் சேர்த்த சான்றுகள் இவை: அதிகம் அதட்டப்படும் குளவி அதிகம் இரை தேடப் போகிறது; கூட்டுக்கு வேண்டிய அளவு உணவைக் கையால் ஊட்டிவிட்டால் அதட்டல் குறைகிறது. அப்படியானால் வேலைக்காரிகளுக்கு இடையில் நடக்கும் அந்தக் கொத்தலும் கடித்தலும் என்ன? புழுக்களின் பசி, உள்ளே இருப்பவளிடமிருந்து வெளியே போகிறவளுக்குச் சொல்லப்படுகிறது. 2014இல் அஞ்சன் நந்தி, அன்னகிரி சுமனா, குணால் பட்டாச்சார்யா மூவரும் இந்த அதட்டல் கோடுகளை வரைந்து ஆராய்ந்தார்கள். உயிரணுக்குள் மரபணுக்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் வலையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு மூன்றுமுனை அமைப்பு இங்கும் நிறைய இருந்தது. ஒருத்தி இரண்டாமவளுக்கும் மூன்றாமவளுக்கும் சொல்கிறாள்; இரண்டாமவளும் மூன்றாமவளுக்குச் சொல்கிறாள். செய்தி இரண்டு வழியில் வந்து சேர்கிறது. ஒரு சிறு தடுமாற்றத்தால் வலை குலைந்துபோவதில்லை.

இதை இப்படி நினைத்துப் பாருங்கள். சண்டை என்று எண்ணிக் கோடு போட்டவரும், பசி என்று எண்ணிக் கோடு போட்டவரும் காகிதத்தில் வரைவது ஒரே படம். புள்ளியும் அதே, தடிமனும் அதே. கணினி இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் தரும். அது சண்டையா பசியா என்பதைச் சொன்னவர் கூட்டின் முன் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்.

போன வருஷம் நாகர்கோவிலில் எங்கள் வீட்டுப் பின்கட்டு ஜன்னலில் ஒரு கூடு தொங்கியது. பதினாலு குளவி. நோட்டும் பேனாவுமாக நானும் ஒரு வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாளே எனக்குத் தெரிந்தது, நான் எதையும் பார்க்கவில்லை என்று. ஒன்று இன்னொன்றைக் கொத்துகிறது. எது எதை? முந்தாநாள் கொத்தியவளா இவள்? நிறப் பொட்டு இல்லாத கூட்டில் எனக்குக் கிடைத்தது வெறும் சலசலப்பு. பெயர் இல்லாதவர்களுக்கு இடையில் கோடு போட முடியாது. யானை ஆய்வாளர்கள் காது மடிப்பையும் கிழிசலையும் வால் முடியையும் ஏன் ஆயிரக்கணக்கான புகைப்படங்களில் வைத்துப் படிக்கிறார்கள் என்பது அன்று புரிந்தது.

இலங்கையின் உடவளவைத் தேசியப் பூங்காவில் ஷெர்மின் டி சில்வா அப்படித்தான் பெண் யானைகளை ஒவ்வொன்றாக அறிந்துகொண்டு, 2011இல் அவற்றின் தோழமை வலையை வெளியிட்டார். யானைக் கூட்டம் என்றால் என்றும் பிரியாத குடும்பம் என்று நாம் நினைத்திருப்போம். ஏறத்தாழ ஆறில் ஒரு யானை, ஆய்வு நடந்த காலத்துக்குள் தன்னுடைய மிக நெருங்கிய ஐந்து தோழிகளையும் மாற்றிக்கொண்டிருந்தது. சில நாள் பார்த்தவருக்குக் குலைந்துபோன சமூகமாகத் தெரிந்திருக்கும். பல பருவங்கள் பார்த்தவருக்கு, பிரிந்து போய் மீண்டும் வந்து சேரும் பெரிய உறவுகள் தெரிந்தன. ஆனால் அங்கே ஒரு கோட்டின் பொருள் "சேர்ந்து காணப்பட்டன" என்பது மட்டும். வடசேரியிலிருந்து தக்கலைக்குப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரும் நானும் சேர்ந்துதான் காணப்பட்டோம். அதனால் ஒரு முறை பார்த்ததை நம்பாமல், தற்செயலாகச் சேர்ந்திருந்தால் எத்தனை கோடு விழும் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் வருவதைத்தான் உறவு என்கிறார்கள். நல்ல ஆய்வாளரை நான் இந்தக் கூச்சத்தை வைத்து அடையாளம் காண்கிறேன்.

நம் மலைத்தொடரிலேயே, கொல்லம் மாவட்டத்துத் தென்மலையில், கிருஷ்ணா பாலசுப்ரமணியமும் உடன் ஆய்வாளர்களும் நாட்டுக் குரங்குகளைப் பார்த்தார்கள். பேன் பார்க்கும் உறவுக்கு ஒரு வலை. சுற்றுலா வந்த மனிதரிடம் ஒரே நேரத்தில் நெருங்கும் குரங்குகளுக்கு இன்னொரு வலை. ஒரே குரங்குகளுக்கு இரண்டு வரைபடம். நம்மிடமிருந்து அவற்றுக்கு ஒரு தொற்று போனால் எந்த வரைபடத்தின் வழியாகப் போகும் என்பது அவர்கள் கேள்வி. மருந்துவாழ் மலையில் குரங்குக்குப் பழம் நீட்டும் ஒவ்வொரு கையும் ஒரு கோடு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

மாமாவின் கேள்விக்குத் திரும்புகிறேன். பெட்டிக்குள் தேனீ தன் வலையைத் தானே பின்னுகிறது, மடையும் வைத்திருக்கிறது. பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் கோடு போட்டவர்கள் நாம்.

மரப்பொந்திலும் கல்லிடுக்கிலும் இருந்த அடுக்குத் தேனீ, இயற்கையில் ஒன்றுக்கொன்று தள்ளித்தான் வாழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிப் பக்கம் இருந்த நியூட்டன் பாதிரியார் அதற்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார். 1920களில், திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ.யின் கிராம மையத்தை நடத்திய அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச், ஏழைக் குடும்பங்களுக்குத் துணைத்தொழிலாகக் கோழியையும் தேனீயையும் கொண்டுபோனார். அதன் பயனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு தேன்பெட்டியிலிருந்து வந்தது. ரப்பர் பரவியபின் தொழில் இன்னும் பெருகியது. ரப்பரின் தேன் பூவிலிருந்து வருவதில்லை. தளிர் இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளிலிருந்து வருகிறது. மாசி, பங்குனியில் அது கொட்டும்போது நூற்றுக்கணக்கான பெட்டிகளை ஒரே எஸ்டேட்டில் கொண்டுவந்து வரிசையாக வைப்பார்கள்.

வரிசையாக வைத்தால் தேனீ வழி தவறிப் பக்கத்துப் பெட்டியில் நுழையும். மெலிந்த பெட்டியை வலுத்த பெட்டி கொள்ளையடிக்கும். கொள்ளையடித்த தேனோடு அந்தப் பெட்டியின் நோயும் வரும். சட்டம் கைமாறும், கூட்டம் விலைக்குப் போகும், மெஷின் ஊரெல்லாம் சுற்றும். தேனீக்கள் ஒருநாளும் பின்னியிருக்காத அளவுக்கு அடர்த்தியான ஒரு வலையை எழுபது வருஷத்தில் நாம் பின்னிக் கொடுத்தோம். அதில் ஒரு மடைகூட வைக்கவில்லை. வைரஸ் வந்தபோது எல்லா வாய்க்காலும் திறந்து கிடந்தன.

மாமா தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டதை நான் ஏற்கவில்லை. மெலிந்த பெட்டிக்கு அடை கொடுப்பது தேனீ வளர்ப்பில் நல்ல பழக்கம், எல்லோரும் செய்தார்கள். அவருடைய விரல்கள் மடங்கி மடங்கித் தேடிய அந்தப் படம் ஒருவர் கையால் வரையக்கூடியதும் அல்ல. அவருடைய பத்துக் கோடுகளுக்கும் பக்கத்து விளைக்காரரின் பத்துக் கோடுகளுக்கும் நடுவில்தான் விடை இருந்தது. இரண்டு பேரும் எழுதிவைக்கவில்லை.

மிஞ்சிய 2 பெட்டிகளிலிருந்து மாமா மறுபடி தொடங்கினார். அழிவுக்குப் பிறகு மாவட்டமெங்கும் தொழில் அப்படித்தான் எழுந்தது. தாக்குப்பிடித்த கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். இந்த முறை அவர் பெட்டிக்கு எண் எழுதினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்துக்கொண்டார். தேதி, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, என்ன போனது. அடை, ராணி, கூட்டம், மெஷின். வெளியாருக்குக் கொடுத்தால் அவர் வீட்டுப் பெயர். ஒரு பெட்டியில் தலை தூக்கிய புழு ஒன்று தெரிந்தாலும் நோட்டைப் பிரித்து, அந்த எண்ணோடு கோடு உள்ள பெட்டிகளை மட்டும் அன்றே தனியாகத் தூக்கிவைப்பார். மற்றவற்றைத் தொடமாட்டார். 2009இல் அவர் காலமானபோது 26 பெட்டி இருந்தது. நோட்டு என்னிடம் இருக்கிறது.

சாக்புரூட் போய்விடவில்லை, அவ்வப்போது தலைகாட்டுகிறது. உங்கள் விளையில் ஒரே ஒரு பெட்டி இருந்தாலும் அதற்கு ஓர் எண் போடுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பெட்டியிலிருந்து எது வெளியே போனாலும், எது உள்ளே வந்தாலும், தேதியோடு எழுதுங்கள். பக்கத்து விளைக்காரரையும் எழுதச் சொல்லுங்கள்.